ஒற்றைப் பாதத்தைத் திருடியவன்

அத்தியாயம் 4

ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போகிற திருடன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? துப்பறிகிறவர்கள் வந்து சேருவதற்கு முன்பே முதலாளி விடை கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“அவனுக்கு ஒரு கால்தான் இருக்கணும்.”

சொல்லிவிட்டு, பாதி வேலையை முடித்துக் கொடுத்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்குத் தொழில் வட்டாரத்தில் தராசு என்று பெயர். அவர் தலை எந்நேரமும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். யோசனை முடிந்துவிட்டால் தட்டு வலது பக்கம் இறங்கும். பக்கத்தில் நின்றவன் அவருடைய கணவரின் தம்பி, உதவியாளன். பெயர் சில்லறை. பெரிய நோட்டாக எதையும் நீட்டமாட்டான். ஆனால் வாயில் எப்போதும் ஏதாவது கலகலத்துக்கொண்டே இருக்கும்.

“கேஸ் முடிஞ்சது அண்ணி. தெருவுல ஒத்தச் செருப்பு போட்டவன் யாருன்னு பாத்துட்டு வீட்டுக்குப் போலாம்” என்றான்.

தராசு அவனைக் கண்டுகொள்ளாமல், நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

முதலாளியின் பட்டறையில் ஷூவுக்குள் போடுகிற மெத்தைகள் தயாராகின்றன. ரப்பர் இல்லை, பஞ்சு இல்லை, ஜெல். தயாரிப்பது அவருடைய மனைவியின் தங்கை, சின்னவள். வேதியியல் படித்தவள். பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இழுத்தாலும் கிழியாத, மிதித்தாலும் நசுங்காத ஒரு ஜோடியைச் செய்துமுடித்தாள். இன்று பிற்பகல் ஒரு பெரிய காலணிக் கம்பெனியின் கொள்முதல்காரர் அதைப் பார்க்க வருகிறார். விடுமுறைக்கு முன்தினம் முதலாளி அந்த ஜோடியைத் தன் கையாலேயே இந்த அறையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இன்று காலை திறந்தால் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது.

சாவி இரண்டு. ஒன்று முதலாளியின் இடுப்பில். மற்றொன்று மனைவி பெரியவளின் கைப்பையில். பெரியவள் சாவியைத் தந்திருந்தால் யாருக்குத் தந்திருப்பாள்? உடன்பிறந்தவளுக்குத்தான். அவள் யாருக்கு விற்றிருப்பாள்? எதிர்க்கடைக்காரனுக்குத்தான். முதலாளி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள அந்த இன்னொன்னு என் மேஜைக்கு வரணும். வரலைன்னா கொழுந்தியாள்னு பாக்கமாட்டேன், போலீஸ்தான். அப்புறம் எந்தப் பட்டறையும் அவள வாசல்ல நிக்கவிடாது” என்றார் முதலாளி.

புதிதாக ஒரு ஜோடி வார்க்கலாமே என்று தராசு கேட்டார். வார்த்து, கழுவி, பதமாக்கச் சில நாட்கள் ஆகும். கொள்முதல்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார் என்று பதில் வந்தது.

சில்லறை இரும்புப் பெட்டிக்குள் தலையை விட்டான். உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“உள்ள யாராவது படிக்கிறாங்களா?”

ஈரத்தில் பத்திரங்கள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்த பல்பு இரவும் பகலும் எரியும் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். சிக்கனம் அந்த அறையில் எல்லா இடத்திலும் தெரிந்தது. நாட்காட்டியின் பின்பக்கம் கணக்கு எழுதப்பட்டிருந்தது. நாற்காலியின் உடைந்த கை சணலால் கட்டப்பட்டிருந்தது. ஏசி ரிமோட் தூசி படாமலிருக்க அதைக் கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். தாளின் ஒரு முனை குறுகி, மறுமுனை வட்டமாக விரிந்து தொங்கியது.

“ரிமோட்டுக்கு சாக்ஸ் மாட்டியிருக்கீங்க” என்றான் சில்லறை.

மிச்சமிருந்த மெத்தை மூடிபோட்ட டப்பாவுக்குள் இருந்தது. முதலாளி மூடிமேலிருந்து கையை எடுக்கவே இல்லை. கைரேகை அழிந்துவிடுமாம். காலையில் தானே ஒருதரம் அதன்மேல் ஏறி நின்று பார்த்ததாகவும், அதன் வளைவு வலது காலோடு ஒத்துப்போனதாகவும், ஆகவே திருடுபோனது இடது என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். திருடன் அதோடு விடவில்லை. மிச்சமிருந்ததையும் மாற்றிவிட்டான். இவர் கால் ஒன்பதாம் நம்பர். அதற்கு அளவெடுத்துச் செய்த மெத்தையில் இப்போது குதிகால் வெளியே நிற்கிறது.

“ஒன்ன எடுத்துட்டு, இன்னொன்னுக்குப் பதிலா சின்னத வெச்சிருக்கான். எப்படிப்பட்ட மூளை பாருங்க.”

“அதுவும் ஒத்த மூளைதான் போல” என்றான் சில்லறை.

சின்னவளைப் பட்டறையின் பின்னறையில் உட்காரவைத்திருந்தார்கள். பழக்கூடைக்குக் காவல் வைத்ததுபோல வாசலில் ஒரு ஆள். தராசு உள்ளே போனதும் அவள் எழுந்து நிற்கவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கலக்கிக்கொண்டே, பாதியில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

குவளையில் இருந்தது தண்ணீரில் கரைத்த களிமண் பொடி. களிமண் என்றால் குயவர் மிதிக்கிற மண் இல்லை. கண்ணுக்கே தெரியாத, நானோ அளவில் அரைபட்ட தகடுகள். கலக்கக் கலக்கப் பால்போல இருந்தது தெளிந்து, கடைசியில் வெறும் தண்ணீர்போல ஆகிவிடும். பிறகு அதில் பாலிமராகப் போகிற திரவத்தை ஊற்றி, காற்று புகாமல் அச்சில் வார்த்துவிட்டால், உள்ளே நூல் நூலாகப் பாலிமர் வளர்ந்து அந்தத் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும்.

“அப்ப மீதி?” என்று கேட்டான் சில்லறை.

“மீதி தண்ணிதாண்ணே. முக்கால்வாசி தண்ணி.”

“தண்ணியக் காலுக்கடியில வெச்சு விக்கிறீங்க. உங்க மாமா ஏன் பணக்காரர்னு இப்பத்தான் புரியுது.”

அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவள் சிரித்தாள். வெறும் பாலிமர் ஜெல் என்றால் விரலால் அழுத்தினாலே உடைந்துபோகும், களிமண் தகடுகள்தான் அதற்கு எலும்பு மாதிரி என்றாள். தகட்டைப் பிடிக்காமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கிற நூல்களும் நிறைய உண்டு. பக்கத்தில் இன்னொரு ஜெல் கிடைத்தால் அவை தாவி அங்குள்ள தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஜோடிக்கு நடுவில் அதே வடிவத்தில் வெட்டிய ஒரு தாளைப் போட்டு, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் அடைத்து மாமாவிடம் கொடுத்தாள்.

“அப்படியே வெச்சேன்னு சொல்றார். அப்புறம் ஒன்ன மட்டும் எப்படிக் காணோம்னு எனக்குத் தெரியலைங்க. மிச்சத்த என்னத் தொடவும் விடல. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு தூக்கிக் காட்டினார். அது இடது மெத்தை. காணாமப் போனது வலது.”

“உங்க மாமா இடதுங்கிறார்” என்றார் தராசு.

“நான் வார்த்ததுங்க. எனக்குத் தெரியாதா?”

இருவரும் வெளியே வந்ததும் சில்லறை கணக்குப் போட்டான். அவர் சொல்படி இடதைக் காணோம், இவள் சொல்படி வலதைக் காணோம். இரண்டு பேரையும் நம்பினால் ஜோடியே போய்விட்டது. அப்படியென்றால் டப்பாவில் இருப்பது யாருடைய கால்?

தராசின் தலை இடது பக்கமே நின்றது.

முதலாளி கொடுத்த ஒரே துப்பு தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எதிர்க்கடைக்காரர் செருப்பு, ஷூ, ஷூவுக்கான சாமான்கள் எல்லாம் விற்கிறவர். போனவாரம் வரை இரண்டு காலோடு நடமாடியவர். இப்போது இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. இது தற்செயலா என்பது முதலாளியின் கேள்வி. ஒற்றை மெத்தையை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டால் நியாயம் சொல்வதற்காக ஒருவன் தன் காலையே உடைத்துக்கொள்வான் என்று நம்புகிறவருக்கு வியாபாரப் போட்டி எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரர் கட்டுக்காலை ஒரு அட்டைப்பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். மற்றக் காலில் ஒரு ஷூ. ஆள் பருமனாக இருந்தாலும் கால் சிறியது. தராசு தாங்கள் யார், என்ன விஷயம் என்பதை நேராகச் சொன்னார்.

“நான் திருடினேன்னு அவரா சொன்னார்?” எதிர்க்கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. “ஒன்னத் திருடினேன்னா சொன்னார்? இத்தன வருசமா எதிர்ல கட வெச்சிருக்கேன், என் தொழிலப் பத்தி அவ்வளவுதான் நினைக்கிறாரா?”

காட்சிக்குக் கடை வாசலில் ஒற்றைச் செருப்பைத்தான் வைப்பார்களாம். ஒற்றையை எந்தத் திருடனும் தொடமாட்டான். இது தெருவில் திரிகிற சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்றார். அந்தப் பெண்ணிடம் செய்முறையைக் கேட்டது உண்மைதான், ஒருமுறை இல்லை, பலமுறை. தன் கடையில் பங்கே தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

“மாமா வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறேன்னு சொல்லிட்டா. அந்த மாமா இப்படி. சரி, இவர முதல்ல அனுப்பிடுறேன்.”

வாடிக்கையாளர் ஒரு ஜோடி ஷூ மெத்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார். எதிர்க்கடைக்காரர் இடதை மேஜையில் மல்லாக்கப் போட்டார். வலதை எடுத்துக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். விரலோடு விரல், குதிகாலோடு குதிகால், பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல ஓரம் பிசகாமல் உட்கார்ந்தது. மேலே ஒரு காகிதத்தைச் சுற்றிக் கொடுத்தார்.

“எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?” என்று கேட்டார் தராசு.

“வேற எப்படி வைக்கிறது? மேல்பக்கமும் மேல்பக்கமும் பாத்தா மாதிரி வெச்சாத்தான் அழுக்காகாது. ஜோடின்னாலே இப்படித்தான். சின்னப் பிள்ளையும் இப்படித்தான் வைக்கும்.”

தட்டு வலது பக்கம் இறங்கியது.

“போச்சு” என்றான் சில்லறை. “இனிமே இவங்க தெருவக் கடக்கும்போது வண்டி பாக்கமாட்டாங்க. நான்தான் கையப் பிடிக்கணும்.”

முதலாளியின் அறைக்குத் திரும்பியதும் தராசு சின்னவளையும் அழைத்துவரச் சொன்னார். பிறகு டப்பாவைக் கேட்டார். கைரேகை என்று முதலாளி இழுத்தார். மேலே ஏறி நின்றது யார் என்று தராசு கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

“சில்லறை, ஷூவக் கழட்டு. எந்தக் காலுக்குன்னு பார்.”

அவன் மெத்தையைத் தரையில் வைத்து இடது காலை வைத்தான். அவனுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. முதலாளி கவிழ்த்துப் போடச் சொன்னார். கவிழ்த்துவிட்டு வலது காலை வைத்தான். அதுவும் பொருந்தியது.

“ரெண்டு காலுக்கும் சம்மதம்ங்குது. இப்படி ஒரு இடம் பொண்ணு பாக்கும்போது எனக்கு அமையல.”

“எந்த மெத்தையக் கவிழ்த்தாலும் அப்படித்தான் இருக்கும்” என்றார் முதலாளி எரிச்சலுடன். “அதுக்குத்தான் மேல்பக்கம் மேடு மேடா புள்ளி வெச்சிருக்கு, அடிப்பக்கம் வரி போட்டிருக்கு. புள்ளி இருக்கிற பக்கத்தப் பாத்துச் சொல்லுங்க.”

“நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார் தராசு.

முதலாளி திருப்பினார். வரி. மறுபக்கம் திருப்பினார். வரி. இன்னொருமுறை திருப்பினார். கள்ளநோட்டை வெளிச்சத்தில் பார்க்கிற முகத்தோடு நின்றார்.

“ரெண்டு பக்கமும் அடிப்பக்கமா இருக்கு.”

“அப்ப ரெண்டு மேல்பக்கமும் எங்க போச்சு?”

சின்னவள் இரண்டடி முன்னால் வந்து, கேட்காமலே அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஓரத்தை நகத்தால் தடவினாள். குதிகாலை விரலிடையில் வைத்து அழுத்தினாள். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, அந்தக் குண்டு பல்புக்கு எதிரே குறுக்காகப் பிடித்தாள். ஜெல்லின் நட்டநடுவில், விரலிலிருந்து குதிகால் வரை, பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் ஒரே வரிசையில் மின்னின. புள்ளிகளும் புள்ளிகளும் முட்டிக்கொண்ட இடத்தில் சிக்கிக்கொண்ட காற்று.

“ஒன்னா ஆயிடுச்சு” என்றாள் மெதுவாக. “ரெண்டும் இதுலதான் இருக்கு.”

அப்படியானால் இரண்டு மடங்கு தடிமன் இருக்க வேண்டுமே என்று முதலாளி விடாப்பிடியாகக் கேட்டார். தண்ணீர் போய்விட்டது மாமா, களிமண்ணும் பாலிமரும்தான் மிச்சம், அதனால்தான் தடிமனும் நீளமும் குறைந்து இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றாள் அவள். ஆனால் ஈரத்துணிக்குள் இருந்தது எப்படிக் காயும், நடுவில் தாள் இருக்கும்போது எப்படி ஒட்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

“துணி எங்க?” என்று கேட்டார் தராசு.

டப்பா இரும்புப் பெட்டிக்குள் நுழையவில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டார். ஆகவே ஜோடியை மட்டும் எடுத்து, பத்திரங்கள் நனையக்கூடாது என்று துணியை உதறிப் போட்டுவிட்டு, புள்ளிப் பக்கத்தோடு புள்ளிப் பக்கம் சேர்த்து அழகாக வைத்தார். பல்புக்குப் பக்கத்தில்.

“நடுவுல இருந்த தாள்?”

முதலாளியின் பார்வை மேஜைக்குப் போனது. எல்லோர் பார்வையும் பின்னாலேயே போனது. ரிமோட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கின் ஒரு முனையில் குதிகால் தெரிந்தது. மறுமுனையில் கட்டைவிரலின் வளைவு.

“நல்ல தாளு” என்றார் முதலாளி ஈனக்குரலில். “தூக்கிப் போட மனசு வரல.”

பெரியவள் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள். “இருபது வருசமா அவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. என் தங்கச்சியத் தவிர.”

கொள்முதல்காரர் வந்துவிட்டார் என்று வாசலிலிருந்து ஆள் குரல் கொடுத்தது அப்போதுதான்.

திருட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஜோடியும் இல்லை. முதலாளி மேஜை டிராயரிலிருந்து கத்தியை எடுத்து நடுவில் அறுக்கப் பார்த்தார். சின்னவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தக் கோலத்தில்தான் கொள்முதல்காரர் உள்ளே வந்து அவர்களைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். எதையும் இழுத்துப் பார்த்துப் பழகிய கை. மெத்தையை வாங்கி வளைத்தார், முறுக்கினார், ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். முன்பு வாங்கிய இடத்தில் இரண்டு அடுக்கு மெத்தைகள் ஷூவின் சூட்டில் பிரிந்து வந்துவிட்டன, கம்பெனியின் மானமே போயிற்று என்று சொல்லிக்கொண்டே மறுபடி நெம்பினார். பிரியவில்லை.

“இது ரெண்டு அடுக்கா? என்ன பசை?”

“பசையே இல்லைங்க” என்றார் முதலாளி. எங்கிருந்தோ அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. “இது எங்க தனி முறை. இளஞ்சூட்டுல வெச்சு எடுக்கணும். நானே என் கையால…”

தராசு இருமினார். முதலாளி பாதியில் நின்றார்.

போட்டு நடந்து காட்டினால்தான் முடிவு சொல்லமுடியும் என்றார் கொள்முதல்காரர். முதலாளியின் காலுக்கு அது குட்டை. தண்ணீரில் ஊறவைத்தால் பழைய நீளத்துக்கு வரும், ஆனால் நேரமாகும். சில்லறைக்குப் பொருந்தும், ஆனால் அவன் பாதி எடையை மறுகாலில் போட்டுவிடுவான். முழு எடையும் ஒரே காலில் விழுந்தால்தான் சோதனை என்றார் கொள்முதல்காரர்.

சில்லறை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல விடிந்தது.

“அண்ணி, நமக்கு ஒத்தக் கால் ஆளு ஒருத்தர் வேணும்.”

எதிர்க்கடைக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

“போட்டுக்கிறேன். ஆனா காலைல இது திருட்டுச் சரக்குன்னு சொல்லி என் கடைக்கு ஆள் அனுப்புனீங்க. திருட்டுச் சரக்கு என் ஷூவுக்குள்ள போகாது. இது யார் செஞ்சது?”

“எங்க கம்பெனி செஞ்சது” என்றார் முதலாளி.

“கம்பெனிக்கு ஏதுங்க கை?”

கொள்முதல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி எதிர்க்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“எதுவும் திருடு போகல. என் கொழுந்தியாதான் செஞ்சா.”

“எனக்குக் கேட்டுடுச்சு. தெருவுக்குக் கேக்கல. காலைல அவள உக்கார வெச்சது தெருவுக்கே தெரியுமே.”

முதலாளி வாசலுக்குப் போய் இன்னொருமுறை சொன்னார், சத்தமாக. எதிர்க்கடையில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள். சின்னவள் குனிந்து, மெத்தையைத் தானே அந்தச் சிறிய காலின் ஷூவுக்குள் செருகிவிட்டாள்.

எதிர்க்கடைக்காரர் தன் பருமன் முழுவதையும் ஒரே காலில் ஏற்றி, தத்தித் தத்தித் தெருமுனை வரை போய்த் திரும்பினார். முகம் மாறிவிட்டது. இன்னொருமுறை போய்வந்தார். கொள்முதல்காரர் மெத்தையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிரியவில்லை, நசுங்கவில்லை, ஓரம்கூட மலரவில்லை. அதைத் திரும்ப ஷூவுக்குள் போட்டுவிட்டு, முதலாளியைத் தாண்டி நடந்து சின்னவளின் எதிரே நின்று, எவ்வளவு சீக்கிரம் செய்துதர முடியும் என்று கேட்டார்.

செய்யலாம் என்றாள் அவள். ஆனால் தான் வார்த்ததை வைக்கிற பெட்டிக்குத் தன்னிடம்தான் சாவி இருக்கும் என்றாள். முதலாளி இடுப்பைத் தொட்டுத் தொட்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பெரியவள் கைப்பையைத் திறந்து தன் சாவியைத் தங்கையின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“ரிமோட்டுக்கும் வேற உறை பாருங்க மாமா” என்றாள் சின்னவள்.

கைகுலுக்கி, வழியனுப்பி, கொள்முதல்காரரின் கார் மறைந்த பிறகுதான் முதலாளிக்கு மாதிரியின் நினைவு வந்தது. மேஜையைப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். காலி. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எதிர்க்கடைக்காரர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊன்றாமலே, மாவுக்கட்டு ஆட ஆடத் தெருவின் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தார். பாராட்டத்தக்க வேகம்.

“போகட்டும் மாமா” என்றாள் சின்னவள். “இன்னும் காயும். காயக் காயச் சுருங்கி, ஷூவுக்குள்ள கல்லு மாதிரி ஆயிடும். தண்ணி காட்டணும்னு அவருக்குத் தெரியாது. தானா கொண்டுவந்து குடுப்பார்.”

முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் தராசைப் பார்த்தார். அந்த நாளிலேயே முதல்முறையாக முகமெல்லாம் நிறைவாக இருந்தது.

“காலைலயே சொன்னேன்ல? அவனுக்கு ஒரு கால்தான் இருக்கும்னு.”